வேகச் சலானை எதிர்த்து வழக்காடுவது

“ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பார்ப்போம்” என்று முடிவெடுக்கும் முன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் கட்டிவிடலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கட்டுங்கள். உண்மையிலேயே வேகமாகப் போனவருக்கு என் யோசனையும் அதுதான். ஓட்டாத வேகத்துக்கும், தன்னுடையதே இல்லாத வண்டிக்கும், சட்டம் கேட்கும் ஆதாரம் எதுவும் இல்லாமல் வந்த சலானுக்கும் பணம் கட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களுக்காக எழுதியது இது.

கட்டினால் அதோடு முடிந்தது என்பது பாதி உண்மை. வேக வரம்பை மீறினால் தண்டனை மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் இலகுரக வாகனத்துக்கு 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 2,000 வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. சலானில் வரும் தொகை 200-வது பிரிவின்கீழ் வாங்கப்படும் இணக்கக் கட்டணம். அதைக் கட்டினால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆனால் அதே பிரிவில் 2019-இல் ஒரு வரி சேர்த்தார்கள்: அடுத்த முறை பிடிபட்டால், முன்பு பணம் கட்டித் தீர்த்ததும் ‘முதல் குற்றம்’ என்றே கணக்கில் வரும். பணம் கட்டிவிட்டதால் ஓட்டுநர் உரிமத்தின்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பதும் இல்லை. 206-வது பிரிவின் 4-வது உட்பிரிவுப்படி போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையிலான அந்தக் குழு, வேக மீறலுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்கச் சொல்லி 2015-இல் மாநிலங்களுக்கு எழுதியது. சொந்தக் காரில் வார இறுதியில் குற்றாலம் போய்வருகிறவருக்கு மூன்று மாதம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ராஜபாளையத்தில் மில் வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

முதலில் காகிதம்

இந்த வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் காகிதத்தில். “நான் அவ்வளவு வேகமா போகலைங்கய்யா” என்ற வாய்வார்த்தைக்கு எந்த மாஜிஸ்திரேட்டும் விடுதலை கொடுக்க மாட்டார். அதே நேரம், “அவர் வேகமாகத்தான் வந்தார், நான் பார்த்தேன்” என்று ஒரு போலீஸ்காரர் சொல்வதும் போதாது. 183-வது பிரிவின் 3-வது உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து வேகக் குற்றத்தில் தண்டிக்கக் கூடாது, அந்த அபிப்பிராயம் இயந்திரமோ மின்னணுக் கருவியோ அளந்ததன் பேரில் இருக்க வேண்டும். ஆகவே சலான் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது, எந்தக் கருவி, எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்பதைத்தான். அந்த இரண்டும் இல்லாமல் ‘அதிவேகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

அடுத்தது வரம்பு. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த உச்ச வேகங்கள்தான் அடிப்படை. நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு 100, பஸ்ஸுக்கு 90, பைக்குக்கும் சரக்கு வண்டிக்கும் 80. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்றச் சாலைகளிலும் காருக்கு 70, மற்ற மூன்றுக்கும் 60. ஆட்டோவுக்கு எங்கும் 50. கொல்லத்திலிருந்து தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் முக்கியம். பழைய இருவழிச் சாலையா, தடுப்பு வைத்து அகலப்படுத்திய துண்டா என்பதைப் பொறுத்து ஒரே காருக்கு 30 கிலோமீட்டர் வித்தியாசம் வருகிறது. சலானில் உள்ள இடம் எந்தத் துண்டில் விழுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு வந்த சலானில் பைக்குக்கு உரிய வரம்பு போடப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

இதைவிடக் குறைந்த வரம்பை, ஊருக்குள் 40 என்றோ பள்ளிக்கூடத்துப் பக்கம் 30 என்றோ, மாநில அரசு வைக்கலாம். அதற்கு 112-வது பிரிவு இரண்டு நிபந்தனை போடுகிறது: அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும், சாலையில் பலகை நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தற்காலிகக் கட்டுப்பாடு என்றால் அரசிதழ் தேவையில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வைக்கும் கட்டுப்பாடு இந்த வகையில் வரும். ஆனால் பலகை அப்போதும் வேண்டும். பலகையை மரக்கிளை மறைத்திருந்தாலோ, அதன்மேல் திருவிழா போஸ்டர் ஒட்டியிருந்தாலோ தேதி தெரியும்படி அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் போஸ்டர் கிழிந்திருக்கும்.

தேதிகள்

எனக்குத் தெரிந்து இந்தச் சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத பிரிவு 209. வேக மீறலுக்கோ அபாயகரமாக ஓட்டியதற்கோ ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும் என்கிறது அது. சம்பவ இடத்திலேயே “உங்கள்மேல் வழக்குப் போடப்படலாம்” என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் குற்றம், நேரம், இடம் குறிப்பிட்ட நோட்டீஸை நேரிலோ பதிவுத் தபாலிலோ உங்களுக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சார்வு செய்திருக்க வேண்டும். பெயர், முகவரியை எவ்வளவு முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் விலக்கு உண்டு. நேரில் நிறுத்திப் பிடித்தவருக்கு இந்தப் பிரிவால் பெரிய பயன் இல்லை. கேமரா பிடித்து, இரண்டு மாதம் கழித்து குறுஞ்செய்தி மட்டும் வந்தவருக்கு இது வலுவான வாதம். வண்டியின் ஆர்.சி.யில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த வாதத்தை எடுங்கள். வீடு மாறி மூன்று வருடமாக முகவரி மாற்றாதவர் இதைப் பேசினால் அது அவர்மேலேயே திரும்பும்.

கேமரா, ஸ்பீடு கன் எல்லாவற்றுக்கும் பொதுவாக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியை 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். அதன்படி கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கண்காணிக்கும் பகுதி தொடங்கும் முன் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை சலானோடு வர வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும்.

மூன்றாவது தேதி ஆறு மாதம். 183-இன்கீழ் தண்டனை அபராதம் மட்டுமே. அபராதம் மட்டுமே உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள்.

வண்டியே என்னுடையது இல்லை

டி.என். 84 எண் கொண்ட ஸ்கூட்டர் ராஜபாளையம் வீட்டு வாசலில் நிற்க, கோயம்புத்தூரில் 92 கிலோமீட்டர் வேகத்தில் போனதாகச் சலான் வருவது இப்போது சர்வசாதாரணம். ஒன்று, கேமரா ஓர் எண்ணைத் தப்பாக வாசித்திருக்கும். அல்லது எவனோ உங்கள் நம்பரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு திரிகிறான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வண்டியின் நிறம், மாடல், கண்ணாடி, பின்னால் ஒட்டிய சாமி படம் எது வேறுபட்டாலும் போதும். உங்கள் வண்டியை அதே கோணத்தில் படம் எடுத்து, ஆர்.சி. நகலோடு சேர்த்து இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் பதிவு செய்யுங்கள். கள்ள நம்பர் என்று தெரிந்தால் அதோடு நிற்காமல் உள்ளூர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து மனு ரசீது வாங்கி வையுங்கள். இன்றைக்கு வேகம், நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டுப் போனால் தேடி வருவது உங்களைத்தான்.

வண்டியை விற்று, பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கும் இதே கதி. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை என்கிறது 50-வது பிரிவு. அதைச் செய்யாதவர் கையில் விற்பனை ரசீதாவது இருக்க வேண்டும். ஓட்டியது நீங்கள் இல்லை, மைத்துனர் என்றால் அதைச் சொல்லலாம். யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய பொறுப்பு 133-வது பிரிவுப்படி உரிமையாளருக்கு உண்டு. மறைத்தால் அது தனிக் குற்றம்.

கருவியைக் கேள்வி கேட்பது

இங்கேதான் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சறுக்குகிறார்கள். “ஸ்பீடு கன்னைச் சாய்வாகப் பிடித்திருந்தார், அதனால் அளவு தப்பு” என்பது பிரபலமான வாதம். சாலை ஓரத்தில் நின்று சாய்வாகப் பிடித்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி கோணத்தில் 80-இல் போன வண்டி 75 என்று தெரியும். அந்த வாதத்தை எடுத்தால், நீங்கள் இன்னும் வேகமாகப் போனதாக நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ரேடார் வகைக் கருவியின் அலை தூரம் போகப்போக விரியும், பக்கத்தில் முந்திப்போன பஸ்ஸின் வேகத்தை உங்கள் கணக்கில் எழுத வாய்ப்புண்டு. படத்தில் எத்தனை வண்டி தெரிகிறது என்று பாருங்கள். லேசர் வகை என்றால் கற்றை மெல்லியது, 300 மீட்டரில் சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். அங்கே இந்த வாதம் எடுபடாது. அதைவிட முக்கியம் முத்திரை. மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவியும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று சட்டமுறை அளவியல் விதிகளில் சேர்த்திருக்கிறார்கள், 2025 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. முத்திரைச் சான்று, ஆண்டு ஒப்புதல் சான்று, அன்றைக்குக் கருவியை இயக்கியவரின் பதிவு மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விருதுநகர் மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டாலும் அந்த மனுவின் நகல் வழக்கில் உதவும்.

படமும் வீடியோவும் சாட்சியமாக ஏற்கப்பட, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் இது 65பி. இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

உங்கள் தரப்பில் டேஷ்கேமரா பதிவு இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பாஸ்டேக் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் உண்டு. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிய நேரம் நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்று காட்ட உதவும். வேகத்தைப் பொய்யாக்க உதவாது, ஏனென்றால் சராசரி 55 என்றாலும் நடுவில் 95 போயிருக்கலாம்.

மில் வேன், சரக்கு வண்டி, மினி பஸ் ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தைக் குறித்துக் கொடுத்து ஓட்டச் சொன்ன முதலாளியும் 183-இன்கீழ் குற்றவாளி. சாத்தியமில்லாத நேரப் பட்டியலையே அதற்கு முதல்நோக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. இதனால் ஓட்டுநரின் குற்றம் மறையாது. ஆனால் டிரிப் ஷீட்டையும் “ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆள் இறங்கியாகணும்” என்ற வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். இந்த உட்பிரிவைப் போலீஸ் ஏன் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம்.

கோர்ட் வாசல்

வழக்கு, சம்பவம் நடந்த இடத்துக்கு உரிய நீதிமன்றத்தில் நடக்கும். ராஜபாளையத்தில் தனி நீதித்துறை நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் என்றால் அங்குள்ள நடுவர் நீதிமன்றம். மதுரையில் பிடிபட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும். வக்கீல் மூலம் ஆஜராகலாம் என்று 208-வது பிரிவு இடம் கொடுக்கிறது. சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அதன் தளத்தில் இரண்டு வழி காட்டும்: கட்டுவது, எதிர்ப்பது. எதிர்ப்பதை அழுத்தினால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும். சலானில் போட்டிருக்கும் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரை போகும்.

காலை 10 மணிக்கே போய்விடுங்கள். உங்கள் வழக்குக்கு எஸ்.டி.சி. எண் கொடுத்திருப்பார்கள், அதைப் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டவாலி பெயரைக் கூப்பிடும்போது வெளியே டீக்கடையில் இருந்தால் அன்றைய நாள் வீண். பெட்டி கேஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். முன்னால் பத்துப் பேர் “ஒத்துக்கிறேன்” என்று சொல்லி அபராதம் கட்டிப் போவார்கள். அந்த ஓட்டத்தில் உங்கள் வாயிலும் அதே சொல் வந்துவிடக் கூடாது. குற்றச்சாட்டை வாசித்து “ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்கும்போது, “இல்லைங்கய்யா, மறுக்கிறேன். மனு வெச்சிருக்கேன்” என்றால் போதும். நடுவர் பெண் என்றால் “அம்மா”. வேறு விளக்கம் அப்போது வேண்டாம். மனு இப்படி இருக்கலாம்:

“கனம் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு. மேற்படி வழக்கின் எதிரியாகிய நான் பணிந்து சமர்ப்பிப்பது: குற்றச்சாட்டை நான் மறுக்கிறேன். சம்பவ நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எனக்கு நோட்டீஸ் அனுப்பப்படவில்லை. வேகத்தை அளந்த கருவியின் ஒப்புதல் சான்றும் முத்திரைச் சான்றும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் எனக்கு வழங்கப்படவில்லை. அவற்றைத் தாக்கல் செய்ய அரசுத் தரப்புக்கு உத்தரவிடவும், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இல்லையெனில் என்னை விடுவிக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.”

உங்களுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். முகாந்திரமே இல்லை என்று தோன்றினால் காரணம் எழுதி அந்த நிலையிலேயே விடுவிக்கலாம் என்று புதிய சட்டத்தின் 274-வது பிரிவு நடுவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இல்லையென்றால் வாய்தா விழும், பிறகு விசாரணை. அமெரிக்காவில் போலீஸ்காரர் வரவில்லை என்றால் டிக்கெட் தள்ளுபடி என்று அங்கிருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே சாட்சி வராவிட்டால் கிடைப்பது இன்னொரு வாய்தா.

எஸ்.ஐ. கூண்டில் ஏறியதும் சண்டை போடாதீர்கள். சின்னச் சின்னக் கேள்வி கேளுங்கள். கருவியை இயக்கியது நீங்களா? அன்று காலை சோதித்துப் பார்த்தீர்களா, அதற்குப் பதிவு இருக்கிறதா? எச்சரிக்கைப் பலகை எத்தனை மீட்டர் முன்னால் இருந்தது? படத்தில் இருக்கும் மற்ற வண்டி எது? பதில் தெரியாத கேள்வியில் ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள், அவர் நீண்ட விளக்கம் கொடுக்க நீங்களே வாசல் திறந்துவிட்டதாகிவிடும்.

ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோனேன் என்பது உண்மையாக இருந்தாலும் பெரிதாகக் கைகொடுக்காது. நடுவர் மனமிரங்கினாலும் 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்க சட்டம் இடம் தரவில்லை. அந்த விவரத்தை உரிமம் பற்றி ஆர்.டி.ஓ. விளக்கம் கேட்கும்போது அனுமதிச் சீட்டோடு சொல்லுங்கள். விளக்கம் கேட்காமல் உரிமத்தை நிறுத்த முடியாது.

வக்கீல் வைக்கலாமா? வேகச் சலான் மட்டும் என்றால் வக்கீல் ஃபீஸ் அபராதத்தைத் தாண்டிவிடும், நீங்களே பேசலாம். 184-வது பிரிவு, அதாவது அபாயகரமாக ஓட்டியது, அல்லது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 சேர்ந்திருந்தால் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. அப்போது தனியாகப் போகாதீர்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், மில் தொழிலாளர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தண்டனை வந்தால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டியவருக்கு அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் பற்றி மட்டும் பேசலாம்.

விடுதலையானால் அன்றைக்கே நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். இ-சலான் தளத்தில் உங்கள் சலான் தானாக மறையும் என்று நம்பி இருக்காதீர்கள். நகலோடு சலான் போட்ட காவல் நிலையத்தில் ஒரு மனு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வாங்கி, தளத்தில் நிலுவை நீங்கியதை அச்செடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். இல்லையென்றால் எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் நாளில் அதே சலான் குறுக்கே நிற்கும்.